நிரந்தரக் கட்டுமானம்

பெரிய துரை பங்களாவின் பின்புறம்
கோழிக்கூண்டுக்கும் விறகுக் கொட்டிலுக்கும் நடுவே
பன்னிரண்டு வருசமாக மல்லாந்து கிடந்தது.
பத்தடி அகலம். அலுமினிய வலை.
வலையைக் கிழித்து ஒரு கொய்யாக் கன்று
தலை நீட்டியிருந்தது.

பழைய இரும்பு விலை சொன்னார்கள்.
நான் அதற்கு மேல் ஐந்நூறு ரூபா சொன்னேன்.
"பைத்தியமா ஒனக்கு?" என்றாள் என் நாத்துனா பத்மலோசனி.
கேட்டுக்கொண்டே மறுபக்கத்தைப் பிடித்துத் தூக்கினாள்.

நாலு துண்டாய்க் கழற்றி
கொழுந்து லொறியில், சாக்குகளுக்கு மேலே,
மேல்கணக்கு லயத்துக்கு வந்து சேர்ந்தது.

டிஷ்ஷின் வாயில் மண் அப்பிய குளவிக்கூடு.
போன வருசம் ஏழாம் நம்பர் மலையில் குளவி கொட்டி
மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவள் லோசனி.
"தள்ளு" என்றாள்.
கவ்வாத்துக் கத்தியின் முனையால் தட்டினாள்.
உதிர்ந்தவை காய்ந்த சிலந்திகள்,
கண்ணாடித்தாள் போல ஒரு சிறகு.
கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு
"இது கொட்டுற சாதி இல்ல" என்றாள்.
கத்தியைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

இறுகிப்போன மோட்டாரை
பழைய பிரேக் எண்ணெயில் நாலு இரவு ஊறப்போட்டேன்.
முறிந்த காலை நோர்வூட் இக்னேஷியஸ் கடனுக்கு ஒட்டித்தந்தான்.
கொய்யா கிழித்த இடத்தில் ஜன்னல் கொசுவலை வைத்துத் தைத்தோம்.
பிறகு விளிம்பிலிருந்து விளிம்புக்கு
குறுக்கே இரண்டு நூல்.
நடுவில் நூலும் நூலும் தொட்டுக்கொண்டால் கோணல் இல்லை.
எங்களுக்கு ஒரு விரல் இடைவெளி.
லோசனி விளிம்பில் ஏறி முழங்காலை ஊன்றினாள்.
அரை விரல்.
"இன்னும் அழுத்தவா, இல்ல சோறு வைக்கவா?"

குழி வெட்டிய அன்றே கண்டக்டர் ஐயா வந்துவிட்டார்.
லயத்துக் காணி கம்பெனிக் காணி.
கோழிக்கூண்டு வைக்கலாம். கோவா நடலாம்.
நிரந்தரக் கட்டுமானம் கூடாது.
சீமெந்து என்றால் நிரந்தரம்.

குழியை மூடினோம்.
ரோட்டு வேலைக்காரர் விட்டுப்போன தார்ப் பீப்பாயில்
கல்லும் சீமெந்தும் நிரப்பி, நடுவே தூணை நிறுத்தி,
"இது பீப்பாய்தானே ஐயா, உருட்டிக்கொண்டு போகலாம்" என்றேன்.
அவர் காலால் தள்ளிப் பார்த்தார்.
தோளால் தள்ளிப் பார்த்தார்.
கொப்பியைத் திறந்து எழுதினார்:
பீப்பாய் – 1.

ஒரு டிகிரி பிசகினால்
மேலே அறுநூறு கிலோமீட்டர் பிசகும்.
அங்கே நிற்பது போலத் தெரிகிறதே,
அது நிற்கவில்லை.
பூமியோடு சேர்ந்து ஓடிக்கொண்டே இருப்பதால்
நிற்கிறது என்கிறோம்.
இதை லோசனியிடம் சொன்னபோது
"எங்களப் போல" என்பாள் என்று நினைத்தேன்.
"அதுக்குச் சம்பளம் யாரு குடுக்கிறா?" என்றாள்.

தூரத்து நாடுகளில் டிஷ்ஷைச் சாய்த்து வைப்பார்களாம்.
நமக்கு அது நேர் உச்சந்தலைக்கு மேல்.
சோற்றுத் தட்டைப் போல வானத்துக்கு ஏந்தி வைக்க வேண்டும்,
பொகவந்தலாவை மழை முழுக்க அதன் வழியே விழ.

பனிமூட்டத்தில் ஸ்பேனரோடு அவள் வெளியே.
பழைய டீவியின் முன்னால் நான் உள்ளே.
"எட்டு!"
"கால் சுத்து திருப்பு!"
"பன்னெண்டு... ஐயோ, எட்டு!"
பக்கத்து வீட்டு நாய் இரண்டு பேருக்கும் பதில் சொன்னது.
"நாப்பது! கைய எடு! மூச்சு விடாத!"

படம் வந்தது.
ஏழு வண்ணக் கோடுகள்.
யாரும் பேசவில்லை, பாடவில்லை.
கீழே வாசிக்கத் தெரியாத வளைவு வளைவான எழுத்து,
அதன் பக்கத்தில் ஒரு கடிகாரம்,
நம்முடையதை விட ஒன்றரை மணி முந்தி.

லோசனி நனைந்த படங்கோடு வந்து நின்றாள்.
"இதுக்குத்தானா?"
என்றாலும் உட்கார்ந்தாள்.
விநாடிகள் மாறுவதைப் பார்த்தாள்.
விரல் மடக்கிக் கணக்குப் போட்டாள்.

"நமக்குப் பெரட்டு ஆறரைக்கு.
அங்க அப்ப எட்டு மணி.
அரைப் பேருதான் போடுவானுங்க."

வெளியே தட்டில் மழை,
தங்காமல்.